ஏழாம் துறைக்கு ஒரே முடிவு

“ஏமாத்திட்டாங்கம்மா,” என்றார் பரஞ்சோதி.

தவமணி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாரை?”

“என்னை. என்னோட சேர்த்துப் பத்தொன்பதாயிரம் பேரை.”

“அத்தனை பேருமா இங்க வர்றாங்க? கீரை பத்தாதே.”

பரஞ்சோதி சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. வாசலுக்கும் வேலிக்கும் நடந்தார். சட்டைப் பைக்குள் செல்போன் வண்டுபோல முனகிக்கொண்டே இருந்தது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு சின்ன ஊரின் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க். கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுக்கிறவர்.

தவமணி அவரைவிட ஒன்பது வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். ஒரு மழைக்காலத்தில் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் இந்த ஓட்டு வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கேள்விகளோடு வருவார்கள். குரு என்று யாராவது சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார். அம்மா என்றால் பொறுத்துக்கொள்வார்.

“உட்காருங்க அண்ணே. பாதிக் கீரை உங்களுக்கு.”

பரஞ்சோதி உட்கார்ந்தார். ஒரு கொத்தை எடுத்தார். மறுபடி எழுந்துவிட்டார்.

“செல்போன்ல விளையாடுற கதைம்மா. ‘ஏழாம் துறை’ன்னு பேரு. ரெண்டு வருஷமா அஞ்சு பாகமா வந்துச்சு. ஒரு பாகம் முடிஞ்சா அடுத்ததுக்கு அஞ்சாறு மாசம் காத்துக் கிடக்கணும்.”

“காத்துக் கிடந்தீங்களா?”

“கிடந்தேன்.”

“கதை என்ன?”

“பூரணம்னு ஒரு ஓடக்காரி. அவதான் நாம. வெள்ளத்துல ஊரு பாதி போயிருச்சு. மிச்சப் பேரை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடணும். ஏறுறவங்க எல்லாரும் அவகிட்ட ஏதாவது கேப்பாங்க. உண்மையைச் சொல்லலாம், மறைக்கலாம். நம்ம இஷ்டம்.”

“நீங்க?”

“ஒரு பொய் சொல்லலம்மா. அஞ்சு பாகத்துலயும். ஒண்ணுகூட.”

“கோர்ட்டுலயும் அப்படித்தானா?”

“கோர்ட்டுல நான் சத்தியம் வாங்குறவன். பண்றவன் இல்ல.”

தவமணியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கீரைக்குப் போனது.

“சரி. முடிவு என்ன?”

“திரும்ப வெள்ளம் வருது. பூரணம் ஓடத்தோட கயித்தை அவுத்து விட்டுடுறா. கடைசிப் படியில உட்கார்றா. தண்ணி ஏறுது. திரை கறுப்பாயிடுது. அவ்வளவுதான்.”

“நல்லாத்தானே இருக்கு.”

“நல்லா இருக்கும்மா! ஆனா எல்லாருக்கும் அதேதான்!” பரஞ்சோதியின் குரல் வேலியைத் தாண்டியது. “என் மைத்துனன் செல்லப்பா இருக்கான். ஆரம்பத்துல இருந்து பொய்தான். கேட்டவன் கேக்காதவன் எல்லார்கிட்டயும். அவனுக்கும் அதே படி, அதே தண்ணி, அதே கறுப்பு. எல்லாம் முடிஞ்ச பிறகு கணக்கு காட்டுறாங்க. உண்மையே பேசினவங்க நூத்துக்குப் பதினொரு பேராம். அந்தப் பதினொண்ணுல ஒருத்தன் நான். அதுக்கு என்ன கிடைச்சுது?”

“மைத்துனர் என்ன சொன்னார்?”

“‘அத்தான், நானாவது ஜாலியா விளையாண்டேன்’னு சொன்னான்.”

தவமணி சிரித்துவிட்டார்.

பரஞ்சோதி போனை வெளியே எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

“பாருங்க. ஊரெல்லாம் கொதிக்குது. இந்தப் பொண்ணு அழுது வீடியோ போட்டிருக்கா. இவன் கம்பெனிக்காரனைக் கெட்ட வார்த்தையில திட்டுறான். இவரு ரிட்டயர்டு தலைமையாசிரியர், பதினாலு பக்கம் எழுதியிருக்காரு. முடிவை மாத்தச் சொல்லி மனு ஒண்ணு ஓடுது. பத்தொன்பதாயிரம் கையெழுத்து. மனுவோட வாசகம் நான் எழுதினது.”

“அதான் ‘மேற்படி’ இத்தனை இருக்கு.”

“அம்மா.”

“சரி, சரி. எல்லாருக்கும் என்ன வேணுமாம்?”

“வேற முடிவு.”

“என்ன முடிவு?”

பரஞ்சோதி யோசித்தார்.

“அதுல ஒத்துமை இல்ல. பூரணம் பொழைக்கணும்னு ஒரு கூட்டம். செத்தாலும் ஊரு அவளுக்குச் சிலை வைக்கணும்னு ஒரு கூட்டம். செல்லப்பா மாதிரி ஆளுங்க மட்டும் சாகட்டும்னு ஒரு கூட்டம்.”

“நீங்க எந்தக் கூட்டம்?”

பரஞ்சோதி போனைப் பைக்குள் போட்டார்.

காற்று வந்தது. ஆய்ந்து வைத்த இலைகள் முறத்தின் ஓரத்துக்கு நகர்ந்தன. தவமணி உள்ளங்கையால் அவற்றைத் தடுத்து வைத்துக்கொண்டார்.

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. இதுக்காகவா?”

பரஞ்சோதி மறுபடி வேலி வரைக்கும் போனார். திரும்பி வந்தார்.

“நாளைக்குத் திங்கள்கிழமை.”

“ஆமா.”

“சண்முகக்கனி வருவா.”

“யாரு?”

“வழக்குக்காரி. தீப்பெட்டி ஆபீசுல வேலை. புருஷன் செத்ததும் கொழுந்தன்மாருங்க வீட்டை எடுத்துக்கிட்டாங்க. மூணு வருஷமா நடக்குறா, வாய்தா எப்பவும் திங்கக்கிழமைதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலைக்கு லீவு போட்டுட்டு வருவா. பேரைக் கூப்பிடுவேன். வந்து நிப்பா. அடுத்த தேதியைச் சொல்லுவேன். ‘அடுத்த தடவை முடிஞ்சிருமாங்கய்யா’ன்னு கேப்பா. ‘பார்ப்போம்மா’ன்னு சொல்லுவேன். கும்பிட்டுட்டுப் போயிருவா.”

“முடிஞ்சிருமா?”

“கட்டே இல்லம்மா.”

“என்ன கட்டு?”

“வழக்குக் கட்டு. ரெக்கார்டு ரூம்ல மழை ஒழுகி, அலமாரி ஒண்ணு அப்படியே கூழாப் போச்சு. அதுல அவளோடதும் ஒண்ணு. ஆபீசுல எல்லாருக்கும் தெரியும். ஜட்ஜ் ஐயா காதுக்குப் போகல. போனா நாலு பேருக்கு மெமோ வரும். முதல் ஆளு நான். அதனால தேதி போடுறோம். போட்டுக்கிட்டே இருக்கோம்.”

தவமணி கீரைக் காம்பை ஒடித்தார். ‘டிக்’கென்று கேட்டது.

“அவங்களுக்குத் தெரியாது?”

“தெரியாது.”

“சொன்னா?”

“சொன்னா மட்டும் என்னம்மா? கட்டைப் புதுசா உண்டாக்க மனுப் போடணும். நகல் தேடணும். எதிர்த் தரப்பு இழுத்தடிக்கும். அவ ஆயுசுக்குள்ள வீடு கைக்கு வராது. சொன்னாலும் வராது, சொல்லலன்னாலும் வராது. இத்தனை நாள் அது என் நெஞ்சுல முள்ளு மாதிரி இருந்துச்சு. நாளைக்கு எப்படியும் சொல்லிடணும்னு போன வாரம் நினைச்சேன். நிஜமா நினைச்சேன். அந்த வாரம்தான் அஞ்சாம் பாகம் வந்துச்சு.”

அவர் கீரையின் முன்னால் வந்து நின்றார்.

“ரெண்டு வழிக்கும் முடிவு ஒண்ணுதான்னா, எதுக்கும்மா சொல்லணும்? இதைத்தான் கேக்க வந்தேன்.”

தவமணி முறத்தை நகர்த்தினார். கையை முந்தானையில் துடைத்தார்.

“அந்த விளையாட்டைக் காட்டுங்க.”

“முடிஞ்சுதேம்மா.”

“முடிஞ்சா உள்ள போக முடியாதா?”

“போகலாம். கடைசி நாள் காலையில கொண்டுபோய் விடும். வெள்ளத்துக்கு முந்தி. ஓடத்தை ஓட்டிக்கிட்டுச் சும்மா சுத்தலாம். அதுல ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாத இடத்தைத்தான் பாக்கணும்.”

போன் கை மாறியது. தவமணிக்கு ஓடம் பிடிபடவில்லை. கரையில் முட்டினார். ஒரு சலவைக் கல்லில் முட்டினார். நீரில் நின்ற எருமையின்மேல் ஏற்றப் பார்த்தார்.

“இடது கட்டை விரல்ம்மா. இடது.”

“எருமை நகர மாட்டேங்குது.”

“அது நகராதும்மா. அது படம்.”

ஓடம் ஒருவழியாக ஆற்றின் நடுவுக்கு வந்தது. பொழுது விடியும் நிறம் திரையில். படித்துறைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஆறாவது துறையில் ஒரு கல்மேடை இருந்தது. அதன்மேல் ஒரு தூக்குச்சட்டி. ஆள் இல்லை.

“இது யாரோட இடம்?”

“ஒரு கொத்தனாரு உட்கார்ந்திருந்தாரு. மகன் மீன் பிடிக்கப் போனவன், வெள்ளத்துல மாட்டிக்கிட்டான். முங்குனதைப் பூரணம் மட்டும்தான் பாத்தா. மூணாம் பாகத்துல, ‘என் பையனைப் பாத்தியா தாயி’ன்னு அவரு கேப்பாரு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘செத்துட்டான்’னு சொன்னேன்.” அவர் வேலிப் பக்கம் திரும்பினார். “விளையாட்டுதாம்மா. ஆனாலும் போனைக் கவுத்து வச்சுட்டேன். அந்த ஆளு ஒரு சத்தமும் போடல. சுருண்டு உட்கார்ந்தாரு. நாலாம் பாகம் வந்தப்ப ஆளைக் காணோம்.”

“எங்க போனாரு?”

“தெரியாது. அதைச் சொல்லவே இல்ல.”

“முடிவுல அவரு வர்றாரா?”

“வரல. முடிவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல.”

தவமணி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“மைத்துனருக்கு ஒரு போன் போடுங்க.”

“அவன்கிட்ட என்னம்மா கேக்கப் போறீங்க? அவன் கிண்டல் பண்ணுவான்.”

“போடுங்க. எனக்கும் கேக்குற மாதிரி.”

மணி அடித்தது. எடுத்ததுமே இரைச்சல். கத்தி மரத்தில் விழும் ஓசை. யாரோ ‘நெஞ்செலும்பு போடுங்க பாய்’ என்றார்கள்.

“அத்தான்! கறிக்கடை வரிசையில நிக்கேன். இன்னும் ஆறு பேரு. என்ன, உங்க பூரணத்துக்குச் சிலை வச்சாச்சா?”

“மாப்ளே, அம்மா பேசணுமாம். தவமணியம்மா.”

“ஐயோ. அக்கா, வணக்கம். இவரைக் கொஞ்சம் திருத்தி அனுப்புங்கக்கா. வீட்டுல ஒரு வாரமா யார்கூடவும் பேசலையாம். எங்க அக்காகாரி என்னைப் போட்டுத் திட்டுறா.”

“தம்பி, அந்த விளையாட்டுல கொத்தனார் ஒருத்தர் இருந்தாராமே. ஆறாம் துறையில.”



“ஆமாக்கா.”

“நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“‘உம்ம மகன் அக்கரையில நல்லா இருக்கான், வந்துருவான்’னு சொன்னேன். பொய்தான். சும்மா ஜாலிக்கு.”

“அப்புறம் அவரு எங்க போனாரு?”

“எங்கயும் போகல.” செல்லப்பாவின் குரல் இறங்கியது. வரிசையை விட்டு விலகி வந்திருக்க வேண்டும், கத்தியின் ஓசை தள்ளிப் போயிற்று. “அங்கயேதான் உட்கார்ந்திருக்காருக்கா. நாலாம் பாகம், அஞ்சாம் பாகம், மழை, வெயில் எல்லாத்துலயும். மகனுக்குச் சோறுன்னு தூக்குச்சட்டியை மடியில வச்சுக்கிட்டு.”

“சரி.”

“அது மட்டும்னாப் பரவால்ல. ஓடம் அந்தப் பக்கம் வந்தா எந்திரிச்சு நிப்பாரு. ஒவ்வொரு தடவையும். ஓடத்துல யாருன்னு பாப்பாரு. அப்புறம் உட்காருவாரு. எந்தக் கிறுக்கன் இதை எழுதினானோ தெரியல.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. ஒரு தடவை சொன்னதை மாத்திச் சொல்ல விளையாட்டுல வழி இல்ல. நான் ஆறாம் துறைப் பக்கமே ஓடத்தைக் கொண்டுபோறதில்ல. தீவைச் சுத்திப் போயிருவேன். நேரம் கூடத்தான் ஆகும். ஆனாலும் சுத்தித்தான் போவேன்.” சற்று நிறுத்தினான். “அத்தான்கிட்ட இதைச் சொல்லல. சிரிப்பாரு.”

பரஞ்சோதி சிரிக்கவில்லை. நடக்கவும் இல்லை. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் ஒரே இடத்தில் நின்றார்.

தவமணி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கொத்தை எடுத்தார்.

“அண்ணே.”

“அம்மா.”

“கோர்ட்டுக்குத் தினமும் எப்படிப் போவீங்க?”

“நடந்துதான். வீட்டுல இருந்து அஞ்சு நிமிஷம்.”

“திங்கள்கிழமையும்?”

“திங்கக்கிழமை மட்டும்...”

அவர் நிறுத்தினார்.

“திங்கக்கிழமை மட்டும் தபால் ஆபீஸ் தெருவுல திரும்பி, பின்வாசல் வழியா,” என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

போனில் செல்லப்பா இன்னும் இருந்தான்.

“அத்தான், கோர்ட்டுக்குப் பின்வாசல் வேற இருக்கா என்ன?”

பரஞ்சோதி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சண்முகக்கனி முன்வாசல்லதான் நிப்பா,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “ஒன்பதரைக்கே வந்துருவா.”