செத்துப் பிழைத்தவனின் ஆயுள் தண்டனை

முன்னொரு காலத்தில், ராஜா பாடினால் குடிகள் கேட்டே தீரவேண்டும் என்றிருந்த ஒரு நாட்டில், ராஜாவுக்கு விடியற்காலையில் பூபாளம் பாட ஆசை வந்தது. உலகத்தைத் தட்டி எழுப்புகிற ராகம் அது. அவர் பாடிய பாட்டில் அகழி முதலைகள் கரையேறி அடுத்த நாட்டுக்குக் குடிபோயின. சபையோர் ஆனந்தக் கண்ணீர் விடவேண்டும் என்று உத்தரவு. விட்டார்கள். அரண்மனை விகடன் உலகளந்தான் மட்டும் குறட்டை விட்டான்.

"பூபாளத்துக்கு எவனாவது தூங்குவானா?" என்று ராஜா அவனை எழுப்பிக் கேட்டார்.

"பாடுகிறவரைப் பொறுத்தது, மகாராஜா."

இவனைக் கண்டாலே வயிறெரிகிற பிரதானி மழவராயர் ராஜாவின் காதருகே குனிந்தார். அவர் நிமிர்ந்தபோது தீர்ப்பு தயார். உயிர் போகும்வரை சிறை.

அவன் இல்லாத சபை உப்பில்லாத கூழாயிற்று. ஒரே ஒரு மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாக ராஜா ஆள் அனுப்பினார். "தூக்கம் வந்தது, தூங்கினேன். இதுக்கு என்ன மன்னிப்பு?" என்று பதில் வந்தது. அவருக்கும் மீசை, இவனுக்கும் மீசை. இரண்டும் இறங்கவில்லை.

பிள்ளையார் சதுர்த்தியன்று மனைவி உமையாள் சிறைக்குக் கொழுக்கட்டை கொண்டுபோனாள். ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன். உலகளந்தான் ஒன்றை முழுசாக வாயில் போட்டான். தொண்டையில் நின்றது. விழி பிதுங்கியது. ஆள் சாய்ந்தான். வைத்தியர் மூக்கருகே பஞ்சைப் பிடித்தார், பஞ்சு அசையவில்லை. நாடி பார்த்தார், அதுவும் இல்லை.

சிறையில் ஒருவன் செத்தால் பிரதானியே வந்து பேர்சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் அறிவித்து வாய்க்கரிசி போடவேண்டும். அந்த நாட்டு வழக்கம் அது. மழவராயர் ஓடோடி வந்தார். காதில் விழாதபடி மெல்லக் கூப்பிட்டார். பிறகு கோட்டை அதிர, "ராஜாவின் பெயரால் சொல்கிறேன், இவன் உயிர் போயிற்று" என்று முழங்கி, கல்யாணப் பந்திக்கு அளக்கிற தாராளத்தோடு அரிசியைத் திணித்தார்.

பாடை கிளம்பியது. "ஓடுங்கடா, என்ன அன்னநடை நடக்குறீங்க?" என்று பிரதானி பின்னாலேயே விரட்டினார். தூக்கியவர்கள் ஓடினார்கள். முன்னால் போனவன் கால் பள்ளத்தில் இடற, பாடை தொப்பென்று விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் கொழுக்கட்டை பீரங்கிக் குண்டாகக் கிளம்பிப் பிரதானியின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போயிற்று.

உலகளந்தான் எழுந்து உட்கார்ந்து, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டான். "யாருக்குய்யா கல்யாணம்?"

மாலையோடேயே அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ராஜாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், முகத்தில் காட்டவில்லை.

"இவனை மறுபடி சிறையில் அடைக்க வேண்டும், மகாராஜா" என்றார் மழவராயர்.

உமையாள் கணவனின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்கு வாங்களேன்."

சிறையின் ஈரத்தரையை நினைத்தபோது உலகளந்தானுக்கு முதுகு சில்லிட்டது. நாக்கு நுனிவரை மன்னிப்பு வந்தது. அதையும் விழுங்கினான். கொழுக்கட்டையை விட அது பெரிது.

"மகாராஜா, உயிர் போகும்வரைதானே தண்டனை? போய்விட்டது. கணக்குத் தீர்ந்தது."

"சாகவே இல்லை. செத்தவன் பேசுவானா?" என்று சீறினார் மழவராயர்.

"அப்படியானால் பிரதானியார் ராஜாவின் பெயரால் பொய்யை அறிவித்து, உயிரோடிருந்தவனைக் கொளுத்தப் புறப்பட்டிருக்கிறார். ராஜாவின் பெயரால் பொய் சொன்னால் என்ன தண்டனை, மகாராஜா?"

"ஆயுள் சிறை" என்றார் ராஜா.

மழவராயர் உடனே பேச்சை மாற்றினார். "செத்தான், செத்தான். சுத்தமாகச் செத்தான். நானே பார்த்தேன். ஆனால், போன உயிர் திரும்பியதல்லவா? தண்டனையும் கூடவே திரும்பிவிட்டது."

உலகளந்தான் புரோகிதரிடம் திரும்பினான். "சுவாமி, வாய்க்கரிசி வாங்கினவன் எழுந்து வந்தால் சாஸ்திரம் என்ன சொல்லுகிறது?"

"மறுபடி பிறந்த கணக்கு. தொட்டிலில் போட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, பேர் சூட்ட வேண்டும்."

"கேட்டீர்களா? நான் பிறந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. இன்னும் பேர்கூட வைக்காத பச்சைப் பிள்ளை. என்ன குற்றத்துக்காகப் பிரதானியார் என்னைச் சிறையில் போடச் சொல்லுகிறார்? தொட்டிலை நனைத்தேனா?"

ராஜா சிரித்தார். கிரீடம் கழன்று மடியில் விழுகிறவரை சிரித்தார். தேர்வடத்தில் தொட்டில் கட்டச் சொன்னார். மீசையும் தொந்தியுமாக உலகளந்தான் அதில் ஏறிப் படுத்துக்கொண்டான். பிரதானி மழவராயரே தொட்டிலை ஆட்டவேண்டும் என்று உத்தரவாயிற்று. ராஜா தம் கையால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, பிள்ளைக்குப் பழைய பேரையே சூட்டி, பொன் அரைஞாணும் நன்செய்யோடு ஒரு கிராமமும் கொடுத்தார்.

"பிழைத்துப் போ. உன்னை விட்டுவிட்டேன்" என்றார்.

உலகளந்தான் தொட்டிலைவிட்டு இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"நீங்கள் எங்கே விட்டீர்கள், மகாராஜா? ஆயுள் தண்டனையைக் கடைசி மூச்சுவரை அனுபவித்து முடித்துவிட்டு, பெண்டாட்டியோடு வீட்டுக்கு நடந்து போகிறவன் ஈரேழு உலகத்திலும் நான் ஒருத்தன்தான்."

ராஜாவின் சிரிப்பு அரண்மனை வாசல்வரை அவர்களை வழியனுப்பியது.