காதில் விழாத சாபம்

சாபம் பலிக்க வேண்டுமானால் அது காதில் விழுந்திருக்க வேண்டும் என்று நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இது தவறு. உடனடியாகத் திருத்திக்கொள்வது நல்லது.

காதில் விழுந்த சாபத்துக்கு ஓர் எல்லை உண்டு. 'உன் கை விளங்காமப் போக' என்று ஒருவர் சபித்தால் அது கையோடு நின்றுவிடும். காலுக்கு ஆபத்தில்லை. காதில் விழாத சாபத்துக்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கையா, காலா, கிணறா, கருவா என்பதை வாங்கிக்கொண்டவரே இரவெல்லாம் யோசித்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

செங்கோட்டுவேலு வாங்கிக்கொண்டது இந்த இரண்டாவது ரகம்.

"எப்படியாவது அதை எடுத்து விட்டுருங்கம்மா," என்றார் அவர். "மகளுக்கு இது எட்டாம் மாசமுங்க."

மடத்தம்மா வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தார். பாறைக் குன்றின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு, அவர்தான் சமையல். செங்கோட்டுவேலுவை விடப் பத்து வயது இளையவர். ஆகையால் குரு சீடரை 'அண்ணா' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். இதில் இருவருக்கும் சிரமம் இருந்ததில்லை.

"யாரு விட்ட சாபம், வேலண்ணா?"

"ஒரு பொம்பளைங்க. ரயில்வே கேட்ல."

"தெரிஞ்சவங்களா?"

"முன்னப் பின்னப் பார்த்ததே இல்லீங்க."

"எதுக்குச் சபிச்சாங்க?"

செங்கோட்டுவேலு வாசலைக் கையால் காட்டினார். வாசலில் நின்றது அவர் கார். தை மாதம் வாங்கியது. கறுப்பு. அதன் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதன் அகலத்தால் மடத்து வாசலில் கோலம் மறைந்துவிட்டது என்று சொன்னால் போதும். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

"வாங்கினதிலிருந்தே இப்படித்தானுங்க. டீக்கடைல நிறுத்தினா பேச்சு நின்னு போகுது. பெட்ரோல் பங்க்ல முன்னாடி நிக்கறவனை ஓரமாப் போகச் சொல்லிட்டு எனக்கு ஊத்தறாங்க. ஓரமாப் போனவன் என்னைப் பார்க்கறான். நானா போகச் சொன்னேன்? கோயில்ல பூசாரி பேரு, நட்சத்திரம் கேக்கறதுக்கு முன்னாடியே மாலையைப் போட்டுடறாரு. அப்போ வரிசையில நிக்கறவங்க மூஞ்சியை நீங்க பார்க்கணும்."

"பழைய வேன்ல போனப்போ?"

"அப்போ கேட்ல நின்னா நாலு பேரு வந்து நெருப்புப்பெட்டி கேப்பாங்க."

"குடுப்பீங்களா?"

"நான் பீடி பிடிக்கறதில்லீங்களே. ஆனாலும் கேப்பாங்க."

மடத்தம்மா ஒரு முற்றின வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துத் தனியே போட்டார்.

"அந்தப் பொம்பளை?"

"தினமும் காலைல நான் குடோனுக்குப் போற நேரம் கேட் போட்டிருப்பாங்க. நான் நிறுத்துவேன். அவங்க எங்கிருந்தோ வருவாங்க. நேரா என் வண்டிக்குத்தான். பின் கதவுகிட்ட நின்னு முறைப்பாங்க. அப்புறம் விரலை ஆட்டி, பல்லைக் கடிச்சு, என்னமோ சொல்லுவாங்க. கேட் தொறக்கற வரைக்கும். நான் முன்னாடி இருக்கற கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"திரும்பிப் பார்க்கல?"

"எப்படீங்க திரும்பறது?"

"ஜன்னலை இறக்கி, 'என்னங்க'ன்னு கேட்டிருக்கலாமே."

"இறக்கினா உள்ள வந்துருமுங்களே."

எது உள்ளே வரும் என்று மடத்தம்மா கேட்கவில்லை.

"ஒரு வாரமா அந்த வழியே போறதில்லீங்க. சுத்திக்கிட்டுப் போறேன். ஆனா ராத்திரி தூங்கினா அந்த வாய் மட்டும் அசையுது. மக போன் பண்ணினாலே நெஞ்சு அடிச்சுக்குது. அம்மா, அவங்க சும்மா திட்டலீங்க. கண்ணாடியைப் பார்த்துத் திட்டறாங்க."

"கண்ணாடியைப் பார்த்தா?"

"கண்ணாடியைப் பார்த்துத்தானுங்க."

"சரியாத்தான் சொல்றீங்க," என்றார் மடத்தம்மா.

செங்கோட்டுவேலுவுக்கு இது ஆறுதலாகப் படவில்லை. தான் சொன்ன வாக்கியத்தைத் தானே கவனிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நமக்கும் பெரும்பாலும் இல்லை.

"அவங்க எதுக்குச் சபிச்சிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?"

பதில் தயாராக இருந்தது.

"ராக்கியண்ணன் கிணறா இருக்கலாமுங்க. தோட்டத்துல நான் ஆழமா போர் போட்டேன். பக்கத்துல அவரு கிணறு வத்திப் போச்சு. சட்டப்படி தப்பில்லீங்க. இல்லீன்னா பழைய டிரைவரைத் திடீர்னு நிறுத்தினேனே, அதுவா இருக்கலாம். இல்லீன்னா எங்க சித்தி கடைசிக் காலத்துல…"

"இதெல்லாம் அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?"

செங்கோட்டுவேலு வாயை மூடினார். திறந்தார்.

"எப்படீங்க தெரியும்?"

மடத்தம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார்.

"நாளைக்குக் காலைல அந்தக் கேட் வழியாவே போகலாம். நானும் வர்றேன்."

"அதுக்கு இன்னைக்கே ஒரு எலுமிச்சம்பழம் மந்திரிச்சுக் குடுத்தீங்கன்னா…"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு, அண்ணா. சாதத்துக்கு வேணும்."

மறுநாள் காலை மடத்தம்மா பின் இருக்கையில் இடது பக்கமாக ஏறி உட்கார்ந்தார். இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார்.

வழியெல்லாம் ஸ்கூட்டர்கள் ஒதுங்கின. ஒதுங்கியவர்கள் எல்லோரும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

"பார்க்கறாங்க, பார்த்தீங்களா?" என்றார் செங்கோட்டுவேலு.

"நானும்தான் பார்த்துக்கிட்டே வர்றேன். நல்லா இருக்கு வண்டி."

கேட் போட்டிருந்தது. அவர் நிறுத்தினார்.

"அண்ணா, நீங்க இறங்குங்க."

"நானுங்களா?"

"இறங்கி அந்தப் பக்கம் ஜனங்களோட நில்லுங்க. வண்டி இப்படியே இருக்கட்டும். ஏசியும் ஓடட்டும்."

"நடுவுல கேட் தொறந்துட்டா?"

"ஹாரன் அடிப்பாங்க."

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுங்களா?"

"தெரியாது. இறங்குங்க."

இறங்கினார். வெயில் முகத்தில் அடித்தது. தை மாதத்துக்குப் பிறகு இந்தக் கேட்டில் அவர் கால் தரையில் படுவது இதுவே முதல் தடவை. கூட்டத்துக்குள் போய், வேட்டியைச் சரி செய்துகொண்டு, யாரோ ஒருவராக நின்றார்.

பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தவர் காரைப் பார்த்துத் தாடையை உயர்த்தினார்.

"அகலத்தைப் பாருங்ணா. பாதி ரோடு அவனுக்கே வேணும்."

செங்கோட்டுவேலு தொண்டையைச் செருமினார்.

"உள்ள சில்லுனு உக்காந்துக்கிட்டு நம்மளை வேடிக்கை பார்த்துட்டு இருப்பான். ஏனுங்ணா, நான் சொல்றது சரிதானே?"

"சரிதானுங்க," என்றார் செங்கோட்டுவேலு.

"நெருப்புப்பெட்டி இருக்குதுங்களா?"

"இல்லீங்களே."

சொல்லிவிட்டு, வெறும் சட்டைப்பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். பைக்கில் இருந்தவர் கவனிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் பனியன் கம்பெனியின் அடையாள அட்டை. வரிசையில் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், கறுப்புக் காரைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

அந்த மலர்ச்சியை அவர் எதிர்பார்க்கவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

அவள் பின் கதவருகே போய் நின்றாள். காதோரம் விலகிய முடியை எடுத்துக் கொண்டை ஊசியில் செருகினாள். முந்தானையைச் சரி செய்தாள். பிறகு முறைத்தாள். விரல் உயர்ந்தது. வாய் அசைந்தது.

உள்ளே, அந்த விரலுக்கு நேர் எதிரே, குரு உட்கார்ந்திருக்கிறார்.

செங்கோட்டுவேலுவின் கால்கள் நகர்ந்தன. பயத்தாலா, குருபக்தியாலா என்று அவரால் பிறகும் சொல்ல முடியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். சாபம் காதில் விழும் தூரம்.

"இனிமே மேல கை வெச்சீங்கன்னா மரியாதை கெட்டுப் போயிருமுங்க," என்றாள் அவள்.

நிறுத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"'ங்க' வேண்டாம்."

மறுபடி விரலை உயர்த்தினாள்.

"இனிமே மேல கை வெச்சா மரியாதை கெட்டுப் போயிரும். கையை ஒடிச்சுப் போடுவேனுங்க."

தன் வாயில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

செங்கோட்டுவேலு பின் கதவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவள் முகம் இருந்தது. அவள் தோளுக்கு மேலே கேட் இருந்தது, வானம் இருந்தது, வேர்த்து வடியும் ஒரு கிழவன் முகம் இருந்தது. சற்று நேரம் கழித்தே அது தன் முகம் என்று தெரிந்தது. மடத்தம்மாவைக் காணவில்லை. உள்ளே இருக்கை இருப்பதற்கான அடையாளம்கூட இல்லை.

அவளும் அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். சட்டென்று திரும்பினாள்.

"என்னங்க?"

"யாரைங்க திட்டறீங்க?"

"உங்களை இல்லீங்க."

"அது… தெரியுதுங்க."

அவள் சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். சொல்லலாமா என்று அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டி கட்டி, வேர்த்துப்போய் நிற்கும் ஆள்; ஆபத்தில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"எங்க கம்பெனி சூப்பர்வைசருங்க. போறப்போ வர்றப்போ தோள்ல கை வெக்கறான். ஒரு நாளைக்குச் சொல்லிப் போடணுமுன்னு இருக்கேன். அங்க போனா வாய் வர மாட்டேங்குது. வந்தாலும் 'ங்க' போட்டுட்டு வருது. அதான் இங்க சொல்லிப் பார்க்கறேன்."

"வீட்ல கண்ணாடி இல்லீங்களா?"

"கையகலந்தாங்க இருக்குது. அதுல மூஞ்சி தெரிஞ்சா விரல் தெரியாது. விரல் தெரிஞ்சா மூஞ்சி தெரியாது."

"வரிசையில இத்தனை வண்டி நிக்குதுங்களே."

"மத்த வண்டில எல்லாம் உள்ள இருக்கறவங்க திரும்பிப் பார்ப்பாங்க. 'என்னம்மா'ன்னு கேப்பாங்க. இந்த வண்டிக்காரரு மட்டுந்தானுங்க எங்கயும் திரும்ப மாட்டாரு. யாரு நின்னாலும், என்ன பண்ணினாலும். நெம்ப நல்ல வண்டிங்க."

செங்கோட்டுவேலு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வாரமா இது வரலீங்க. வேற வண்டில சொல்லிப் பார்த்தேன், சரியா அமையல. அதனால அவன்கிட்டயும் சொல்லல." அவள் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு வந்துருச்சு."

"உள்ள எங்க மடத்தம்மா உக்காந்திருக்காங்க," என்றார் அவர்.

அவள் கை வாய்க்குப் போனது.

"ஐயோ. பின்னாடி ஆளு இருக்குதுங்களா?"

ரயில் கடந்தது. நீளமான சரக்கு ரயில். அது போகும் வரை யாரும் பேச முடியவில்லை. கேட் மேலே எழுந்தது. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு எல்லா ஹாரன்களும் அடித்தன. "யாருடா இந்தப் பெரிய மனுசன், வண்டியை எடுக்காம?" என்று பைக்கில் இருந்தவர் கத்தினார்.

செங்கோட்டுவேலு நகரவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க. 'ங்க' இல்லாம."

"உங்களைப் பார்த்துங்களா?"

"என்னைப் பார்த்து."

அவள் அவரைப் பார்த்தாள். விரலை உயர்த்தினாள். சொன்னாள். அத்தனை ஹாரனையும் தாண்டிக் கேட்டது. கடைசியில் 'ங்க' இல்லை.

அவர் அரை அடி பின்னால் போய்விட்டார்.

"போதுமுங்க," என்றார்.

அவர் காரின் கதவைத் திறந்து ஓட்டுபவர் இருக்கையில் ஏறியதைப் பைக்கில் இருந்தவர் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு செங்கோட்டுவேலு வண்டியை எடுத்தார்.

வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் மடத்தம்மா.

"உங்களுக்குக் கேக்கலீங்களா? பக்கத்துலயே இருந்தீங்களே."

"ஒண்ணும் கேக்கல. விரலை ஆட்டினாங்க, பல்லைக் கடிச்சாங்க. நேரா என்னைப் பார்த்து." மடத்தம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நாம என்ன பண்ணினோம்னு யோசிச்சேன், அண்ணா. கேட் தொறக்கறதுக்குள்ள நாலஞ்சு ஞாபகம் வந்துருச்சு."

செங்கோட்டுவேலு ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். புழுதியும் சூடும் உள்ளே வந்தன.

அந்த இடத்தில் சாலை பிரிகிறது. இடது பக்கம் குடோன். வலது பக்கம் போனால் ராக்கியண்ணன் தோட்டம்.

வண்டி வலது பக்கம் திரும்பியது.

வைகாசியில் செங்கோட்டுவேலுவுக்குப் பேத்தி பிறந்தாள். சுகப் பிரசவம்.

அதற்கு வெகு முன்பே, அந்த வாரக் கடைசியில், பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் வலது மணிக்கட்டில் கட்டோடு வேலைக்கு வந்தார். கேட்டவர்களிடம், பைக்கிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார்.