சத்தமாகச் சொன்ன ஜெபம்

ஞானசிகாமணி ஜெபித்தால் கல்லும் கரையும் என்று ஊரில் பேச்சு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். புது வீட்டுப் பிரதிஷ்டையோ, நோயாளிக்கு ஜெபமோ, அடக்க ஆராதனையோ, பாதிரியாருக்கு முன்னால் அவரைத்தான் தேடுவார்கள். உலகம் உண்டானதில் தொடங்கி, ஆபிரகாம், மோசே என்று ஒரு சுற்று வந்து, நோயாளியின் கட்டிலுக்கு அவர் வந்து சேர்வதற்குள் எல்லாருக்கும் ஊற்றிவைத்த காப்பி ஆறிப்போகும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதமாக வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் ஆண்டவரே என்பதோடு நின்றுபோனது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

களக்காட்டுச் சாலையில், மலையடிவாரத்தில், லீதியாள் ஒரு ஜெபவீடு நடத்திவந்தார். முன்பு நர்சாக இருந்தவர். ஞானசிகாமணியைவிடப் பத்து வயதாவது இளையவர். அவரிடம் போய்க் கேட்பதா என்று கௌரவம் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒருநாள் காலையில் பஸ் ஏறிவிட்டார்.

"ஜெபத்துல இன்னும் ஆழமாப் போகணும் சிஸ்டர். என்ன வழி?"

லீதியாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வழி எதையும் சொல்லவில்லை. கடைசியாகத் தடையில்லாமல் ஜெபித்தது யாருக்காக என்று மட்டும் விசாரித்தார்.

அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துத் தெரு ரூபாவதியின் மகள் பெமிலாவுக்காக. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் பெமிலா தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். உடம்புக்குச் சரியில்லை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ரூபாவதி அவரிடம் மட்டும் வந்து, மருமகன் அடிக்கிறான், துரத்திவிட்டான், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று அழுதாள். அந்தச் சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஞானசிகாமணி உருகி உருகி ஜெபித்தார். பிள்ளையின் பெயரைச் சொல்லி, வாங்கிய அடியைச் சொல்லி, ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் ஒப்புவித்தார். அறை முழுக்க ஆமென் என்றது. ரூபாவதியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. பெமிலா வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டுவதே இல்லை என்று கேள்வி.

"அவங்களுக்காகத்தான் தினமும் ஜெபிக்கப் பாக்கேன். அங்கதான் அடைக்குது," என்றார் ஞானசிகாமணி.

லீதியாள் அவர் வீட்டாரைப் பற்றியும் கேட்டார். பேச்சுவாக்கில் அதையும் கொட்டிவிட்டார் மனிதர். மகன் ஞாயிறுதோறும் துபாயிலிருந்து பேசுகிறான் என்றுதான் ஊரில் சொல்லுவார். உண்மையில் அவன் பேசி வருஷக்கணக்காகிறது. ஏதோ வாக்குவாதத்தில், மருமகள் பார்த்திருக்க, அவனைக் கைநீட்டி அடித்துவிட்டார். இது அவர் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"நானும் இதுக்காக ஜெபிக்கட்டுமா அண்ணாச்சி?"

"அவசியம் ஜெபிங்க சிஸ்டர்."

மத்தியான ஜெபத்துக்குக் கூடம் நிறைந்துவிட்டது. அவருடைய ஊரிலிருந்தே வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் சபைப் பெண்கள் ஐக்கியத்துக் கமலபாய். அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

லீதியாள் எழுந்து நின்று கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எங்க ஞானசிகாமணி அண்ணாச்சியை உம்முடைய பாதத்துல வைக்கிறோம். அவங்க வீட்டுல..."

முன்வரிசையில் கமலபாயின் தலை லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார் ஞானசிகாமணி.

லீதியாள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என்னதான் செய்கிறார் என்று அறிய, ஜெபத்தின் நடுவே கண் திறக்காத மனிதர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். லீதியாளின் உதடு அசையவில்லை. மூடின கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, ஆமென் என்று உட்கார்ந்தார்.

பந்தியில் உட்காராமல் ஞானசிகாமணி நேராக அடுக்களைக்குப் போனார். அவருக்குக் கோபமாகவும் இருந்தது, தப்பித்தோமே என்றும் இருந்தது.

"பதறிப் போயிட்டேன் சிஸ்டர்."

"ஏன் அண்ணாச்சி? இல்லாததைச் சொல்லிருவேன்னா?"

"இல்ல. இருக்கதைச் சொல்லிருவீங்கன்னுதான்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ரூபாவதி முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். அவர் அதைப் பக்தி என்று நினைத்திருந்தார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுக்களை வாசற்படியில் நின்றபடி, "பேசாம நின்னீங்களே, அப்ப என்ன கேட்டீங்க?" என்றார்.

"அது உங்ககிட்ட கேட்டது இல்லையே," என்றார் லீதியாள், சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே. பிறகு திரும்பி, "பெமிலாவுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

"அது தெரிஞ்சதுதானே. புருஷன் மனசு மாறி வந்து கூட்டிட்டுப் போகணும்."

"அவ சொன்னாளா?"

ஞானசிகாமணி சாப்பிடாமலேயே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் ரூபாவதி வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்னை நம்பிச் சொன்னதை ஊருக்கே சொல்லிட்டேன். ஜெபம்னு பேர் வச்சுச் சொல்லிட்டேன். தப்பு ரூபாவதி."

"அன்னைக்கு ஆமென் சொன்ன அத்தனை பேரும் மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் பாக்க வந்தாங்க சார்," என்றாள் அவள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நெடுநேரம் கழித்துக் கதவைவிட்டு விலகி நின்றாள்.

பெமிலா முன்னறை நாற்காலியில் சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவர் உட்காராமல், உனக்காக என்ன கேட்கட்டும் என்றார். அப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவர் வந்து கூட்டிட்டுப் போகணும்னு மட்டும் கேக்காதீங்க சார்." பிறகு, "தூக்கமே வரல. கண்ணை மூடினா கதவைத் தட்டுத மாதிரியே இருக்கு. தூங்கணும். அவ்வளவுதான்," என்றாள்.

அவர் தரையில் முழங்காலிட்டார்.

மறுவாரம் மறுபடியும் ஜெபவீட்டுக்குப் போனபோது லீதியாள் கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜெபித்தீர்களா என்று கேட்டார்.

"தெரியல சிஸ்டர். ஒரு வார்த்தைகூட வரல. அந்தப் பிள்ளை முகம் மட்டும்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. கால் மரத்துப் போச்சு. கண்ணைத் திறந்து பாத்தா, சாஞ்ச வாக்குலயே அவ தூங்கிட்டா. ரூபாவதி வாயில கை வச்சுக் காட்டினா. பூனை மாதிரி எந்திரிச்சு வந்துட்டேன்."

லீதியாள் பாயைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

"ஆமென் சொன்னீங்களா?"

"சொல்லல. எழுப்பிருவோமோன்னு பயம்."

"அப்ப அந்த ஜெபம் இன்னும் முடியல, அண்ணாச்சி," என்றார் லீதியாள்.