வேண்டாம் என்று எழுதிய அறை

ஆவுடையப்பன் செய்த வேலையில் யாரும் குற்றம் சொல்லவில்லை. அவரை உறுத்தியது அதுதான்.

இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருந்தவர். மில் மூடிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் வயரிங் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்தவள் பிலோமினா. அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். கரண்ட் என்ன வயது பார்த்தா அடிக்கிறது? அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

கோமதிநாயகம் வீட்டு இன்வெர்ட்டர்தான் அவர் தனியாகச் செய்த முதல் வேலை. போட்டு இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் ஊரெல்லாம் புகழ்ந்தார். கரண்ட் போவதும் தெரியவில்லையாம், வருவதும் தெரியவில்லையாம்.

அந்த வீட்டின் பின் அறையில் கோமதிநாயகத்தின் அக்கா பிச்சம்மாள் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கை. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. தம்பி தங்கமானவர்தான். ஆனாலும் தம்பி வீடு தம்பி வீடுதானே.

பிச்சம்மாளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது காற்று மெத்தை. சின்ன மோட்டார் ஒன்று இரவும் பகலும் ஓடி, மெத்தைக்குள் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும். அது ஓடும்வரை முதுகு புண்ணாகாது.

ஐப்பசி மழையில் நாள்தோறும் மணிக்கணக்கில் கரண்ட் போனது. ஹாலில் ஃபேன் சுற்றியது. பின் அறையில் மோட்டார் நின்றது. பிச்சம்மாளின் முதுகில் புண் வந்து, ஆழமாகி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று.

விசாரிக்கப் போன ஆவுடையப்பனிடம் கோமதிநாயகத்தின் மனைவி சொர்ணம் சொன்னாள்.

“முன்னெல்லாம் கரண்டு போனா எல்லாரும் எந்திரிச்சு மதினி ரூமுக்குத்தான் ஓடுவோம். விசிறுவோம், ஒருக்களிச்சுப் படுக்க வைப்போம். இப்ப கரண்டு போனதே தெரியலையே அண்ணாச்சி.”

அவள் பழியாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நேரே பிலோமினாவிடம் வந்து நடந்ததைச் சொன்னார்.

“இந்த வேலை எனக்கு ஆகாது டீச்சர். விட்டுருதேன்.”

“என்ன தப்பு நடந்துச்சு?”

“அதுதான் தெரியலை. தெரிஞ்சா இவ்வளவு வலிக்காது.”

“வாங்க, போய்ப் பாப்போம்.”

கோமதிநாயகம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் சொர்ணமும் மகளும் மட்டும். பிலோமினா மெயின் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரியை அளந்து பார்த்தாள்.

“வேலை சுத்தமா இருக்கு. எந்த எந்த பாயிண்டுக்குக் குடுத்தீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். ஹால் ஃபேன், லைட். டிவி. சமையல்கட்டு லைட். பூஜை அறை. பெரிய பெட்ரூம் ஃபேன். கடைசியில் ஒரு வரி: பின் அறை, வேண்டாம்.

“இதை யார் சொன்னது?”

“அந்தம்மாவேதான். ரூம் வாசல்ல நின்னு கேட்டேன். ‘படுத்துக் கெடக்கவளுக்கு என்னத்துக்குய்யா? எனக்கு ஒண்ணும் வேண்டாம், அவங்களுக்குப் போடுங்க’ன்னாங்க.” அவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். “கேக்காம விடலை டீச்சர். நான் கேட்டேன்.”

பிலோமினா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள். பின் அறைக்கு நடந்தாள். கட்டிலில் மெத்தை காலியாகக் கிடந்தது. அவள் மோட்டாரைப் போட்டாள். மெத்தை மெல்ல உப்பி எழும்வரை இருவரும் நின்றார்கள்.

“படுங்க அண்ணாச்சி.”

“இதுலயா டீச்சர்?”

“மல்லாந்து படுங்க. இடுப்பை அசைக்கக் கூடாது. நான் ஹால்ல இருக்கேன். ஏதும் வேணும்னா ஒரு குரல் குடுங்க.”

அவர் படுத்தார். சொர்ணத்திடம் எப்போதும்போல இருக்கச் சொல்லிவிட்டு, பிலோமினா மெயினை இறக்கினாள்.

காலடியில் மோட்டார் நின்றது. ஹாலில் டிவி நிற்கவில்லை. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. மகள் எதற்கோ சிரித்தாள். அத்தனையும் அவர் போட்ட வயரில் ஓடிக்கொண்டிருந்தன.

மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் குதிகால் பலகையைத் தொட்டது. பிறகு இடுப்பு. பிறகு தோள்பட்டை எலும்பு. வியர்வை முதுகுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே ஓடி, அங்கேயே நின்றது. ஒரு முறை புரண்டால் போதும். அவர் புரளவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஹாலிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது.

“அண்ணாச்சி, ஏதும் வேணுமா?”

“வேண்டாம் டீச்சர்.”

தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டிருக்கலாம். தனக்காக வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், இதில் தண்ணீர் வேறு கொண்டு வா என்பதா என்று இருந்தது.

ஹாலில் டிவியில் ஒரு தொடர் முடிந்து இன்னொன்று தொடங்கியது. இடுப்பெலும்பு பலகையில் பதிந்து, நெருப்பாய் எரிந்தது. இந்த முறை பிலோமினா அறை வாசலுக்கே வந்து நின்றாள்.

“சிரமமா இருக்கா அண்ணாச்சி? தலகாணி ஏதும் வைக்கவா?”

“அதெல்லாம் வேண்டாம் டீச்சர். நல்லாத்தான் இருக்கு. நீங்க போய் உக்காருங்க.”

அவள் போய்விட்டாள்.

அவள் காலடிச் சத்தம் ஹாலுக்குப் போய்ச் சேரும் முன்பே, தான் சொன்ன ‘வேண்டாம்’ ஆவுடையப்பன் காதில் விழுந்தது. அவர் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணீர் இரு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர், வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதார். டிவி சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பிலோமினா மெயினைப் போட்டதும் மோட்டார் உறுமியது. கட்டிலைப் பிடித்து எழுந்து, சுவரில் கை ஊன்றி ஹாலுக்கு வந்தார். பிலோமினா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். முழுவதையும் குடித்தார்.

“அந்தம்மா எப்ப வாராங்களாம்?” என்று கேட்டாள்.

“நாளைக் கழிச்சு.”

ஆவுடையப்பன் சொம்பைக் கீழே வைத்தார்.

“‘உங்க ரூமுக்கும் குடுக்கேன்’னு போய்ச் சொன்னா, மறுபடியும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க டீச்சர்.”

“ஆமா, சொல்லுவாங்க.”

“தம்பிக்குத் தொந்தரவும்பாங்க. செவரைக் கொத்தாதீங்கம்பாங்க.”

“அதையும் சொல்லுவாங்க.”

“அப்ப நான் என்ன செய்ய?”

பிலோமினா எழுந்து, பின் அறைக்குப் போகும் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

“அவங்க சொல்லிக்கிட்டே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க வயரை இழுங்க.”