மாப்பிள்ளைக்கு முந்திரித் தயிர்

பண்ருட்டிப் பக்கம் கொட்டாங்காட்டில் தணிகாசலம் என்று ஒருத்தன் இருந்தான். ஆள் நல்லவன். பால் மட்டும் ஆகாது. ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், கால் மணி நேரத்தில் முகம் பலாப்பழம் மாதிரி வீங்கிவிடும். கண் ரெண்டும் கோடாகிவிடும். மோர், தயிர், பால்கோவா, எதுவானாலும் இதே கதிதான்.

சும்மா இருந்தால் பிரச்சினை இல்லை. பெண் பார்க்கப் போனான். போன இடத்தில் காப்பி கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து குடிப்பான். பேச்சு முடிவதற்குள் வீங்குவான். எட்டு வீட்டில் வீங்கி, எட்டு வீட்டிலும் முடியாது என்றுவிட்டார்கள். சாட்சி வேண்டாமென்று தனியாகத்தான் போவான். வீக்கம் வடியும்வரை முந்திரித் தோப்பில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

ஒன்பதாவது வீட்டில் பூங்காவனம் என்ற பெண் அந்த வீங்கிய முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பாள்.

இப்போது கல்யாணம். பெண் வீட்டு வழக்கப்படி, மாப்பிள்ளை பந்தலுக்குள் வந்ததுமே பாலும் பழமும் கொடுப்பார்கள். அப்புறம் பந்தியில் பாயசம், தயிர். மணவறையில் வீங்கினால் இதுவும் போச்சு. தணிகாசலத்துக்கு முப்பத்தேழு வயசு. பத்தாவதாகப் போய்ப் பார்க்கச் சுற்றுவட்டாரத்தில் வீடு பாக்கியில்லை.

ஊருக்கு ஊசி போட வரும் நர்ஸ் எஸ்தரிடம் போய் நின்றான்.

“இதுக்கா மூஞ்சை இப்படி வச்சிருக்கீங்க? ஊரெல்லாம் முந்திரி கெடக்கு. பருப்பைப் பகல் முழுக்க ஊற வைங்க. அரைச்சு, சுத்தமான துணியில பிழிஞ்சா பால். அதை லேசா சூடு பண்ணி, நாலு பச்சை மிளகாய்க் காம்பு போட்டு, வெதுவெதுப்பான எடத்துல எட்டு மணி நேரம் அசையாம வச்சா தயிர். தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டு, தண்ணி வடிஞ்சதும் வெல்லமும் ஏலக்காயும் கலந்தா இனிப்பு. ஒண்ணும் வீங்காது.”

தணிகாசலம் அதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து வீட்டில் ஒப்பித்தான். வீட்டில் இருந்தவர்கள் மூணு பேர். தம்பிகள் கொளஞ்சி, அஞ்சாப்புலி. அக்கா புருஷன் ஏழுமலை. ஏழுமலை ஒன்பதாவது வரை படித்தவர் என்பதால் எல்லா முடிவும் அவருடையதுதான். ஒன்பதாவதில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் இவ்வளவு மரியாதை கொடுக்க மாட்டார்கள். அங்கே தெரிந்தவர்கள் இல்லை.

பருப்பு ஊறியது. அரைத்தார்கள். இதுவரை ஒன்றும் கெடவில்லை.

“சுத்தமான துணின்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு,” என்றார் ஏழுமலை.

வீட்டில் இருந்த துணியெல்லாம் யாராவது கட்டியது, துடைத்தது, படுத்தது. யாரும் இன்னும் தொடாத துணி ஒன்றுதான் இருந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி. அதில் ஊற்றி, நாலு பேரும் நாலு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். நல்ல கெட்டிப் பால் வந்தது. ஒரு பங்கைப் பாலாகவே குடிக்க எடுத்து வைத்தார்கள்.

காம்பு அஞ்சாப்புலியின் வேலை. காம்பைத்தான் கேட்டார்கள், மிளகாயைக் கேட்கவில்லை, அதை வீணாக்குவானேன் என்று நாலு மிளகாயையும் கடித்துத் தின்றுவிட்டுக் காம்போடு வந்தான். கண்ணும் மூக்கும் ஒழுகின. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

“என்னாப்பா ஆச்சு? யாருக்கு என்னா?”

“ஒண்ணுமில்லிங்க,” என்று தேம்பினான் அஞ்சாப்புலி. “அண்ணனுக்குத் தயிர் போடறோம்.”

அவர் என்னவென்று புரியாமலே அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்தது வெதுவெதுப்பான இடம். கொளஞ்சி அடைகாக்கும் கோழியைச் சொன்னான். கோழி எழுந்து போகும் என்று தள்ளிவிட்டார்கள். அடுப்பு சுடும். கிணற்றடி குளிரும். கடைசியில் ஏழுமலை தணிகாசலத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இதுதான் பதம் என்றார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் தணிகாசலத்தை உட்கார வைத்து, மடியில் பானையை வைத்து, போர்வையால் சுற்றிவிட்டார்கள். அவன் அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது. விட்டுவிட்டான். பூங்காவனத்துக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அப்போதுதான் கொளஞ்சிக்குச் சந்தேகம் வந்தது.

“மாமா, பூமி சுத்துதுன்னு சொல்வீங்களே, நெசமா?”

“நெசந்தான். ஒரு நாளைக்கு ஒரு சுத்து.”

“வீடு?”

“வீடும்தான்.”

“அண்ணன்?”

ஏழுமலை யோசித்தார். “அவனும்தான்.”

“அப்ப அவரு மடியில இருக்கற பானை?”

நாலு பேரும் பானையைப் பார்த்தார்கள்.

“எனக்கே லேசா ஆடற மாதிரிதான் இருந்துச்சு,” என்றான் தணிகாசலம்.

“பயப்படாத,” என்றார் ஏழுமலை. “பூமியை நிறுத்த முடியாது. அதுக்குப் புஸ்தகத்துலயே வழி இல்ல. ஆனா அது இந்தப் பக்கம் சுத்துனா, நாம பானையை அந்தப் பக்கம் சுத்துவோம். ரெண்டும் கழிஞ்சுபோயிடும். பானை நின்ன எடத்துல நிக்கும்.”

“பானையை மட்டும் சுத்தறதா, அண்ணனோட சேர்த்தா?” என்று கேட்டான் அஞ்சாப்புலி.

“பானையை மட்டும் சுத்துனா அவன் மடி தேஞ்சு போவாதா? கேக்கறான் பாரு.”

சுழலும் சலூன் நாற்காலியை இரவல் வாங்கி வந்து, பானையோடு அவனை அதில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றால் எட்டு மணி நேரத்துக்கு மூணில் ஒரு பங்கு. மணிக்கு ஒரு கோடு வீதம் ரெண்டு பேர் நாற்காலியைத் தள்ள, ஏழுமலை சூரியனைப் பார்த்து, “மெதுவா, பூமி இன்னும் அங்க வரல,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்த தணிகாசலம் சாயங்காலம் மாட்டுக்கொட்டகையைப் பார்த்திருந்தான்.

தயிர் உறைந்தது. அதுதான் கொடுமை. இனி அவர்களிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அதே வேட்டியில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டு, இனிப்பும் செய்தார்கள். வேட்டியை அலசினார்கள், அலசிய மாதிரி. மறுநாள் மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது ரெண்டு தெரு நாய்கள் கூடவே வந்தன.

பந்தலில் பாலும் பழமும் வந்தது. தணிகாசலம் வீட்டிலிருந்து கொண்டுபோன முந்திரிப் பாலைக் குடித்தான். இனிப்பையும் ஒரு கரண்டி தின்றான். கால் மணி நேரம் ஆயிற்று. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். சப்பையாக, அழகாக, அப்படியே இருந்தது. மாமாவும் தம்பிகளும் மனசு குளிர்ந்து, மீதி இனிப்பைப் பந்தியில் வைக்கப் போய்விட்டார்கள்.

பெண்ணின் அப்பா வந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க யாருங்க? மாப்பிள்ளை எங்க?”

“நான்தான் மாமா.”

“வெளையாடாதீங்க. எங்க மாப்பிள்ளைக்கு மொகம் இவ்ளோ இருக்கும். கண்ணு இருக்கறதே தெரியாது. யம்மா பூங்காவனம், இவரா பாரு.”

பூங்காவனம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “இவர் இல்லப்பா,” என்றாள். மாலையைக் கழற்றப் போனாள்.

பந்தலில் சலசலப்பு. வீங்கினால் போய்விடுமென்று இத்தனை பாடு பட்டால், வீங்காததால் போகிறது. தணிகாசலம் சுற்றிப் பார்த்தான். அவனை அவன்தான் என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை. பெண் வீட்டார் வைத்திருந்த பசும்பால் சொம்பை எடுத்தான், அண்ணாந்து முழுக்கக் குடித்தான்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றான்.

எல்லோரும் பொறுத்தார்கள். முதலில் உதடு. அப்புறம் கன்னம். கடைசியாகக் கண் ரெண்டும் மூடிக் கோடானபோது பூங்காவனம் முகம் மலர்ந்தது.

“இவர்தான்,” என்றாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டினான், தடவித் தடவி.

பந்தி முடித்து மூணு பேரும் வந்தார்கள். மணவறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

“யாரு இது?” என்றான் கொளஞ்சி. “அண்ணன் எங்க?”

“வேட்டி நம்ம வேட்டிதான்,” என்றான் அஞ்சாப்புலி, குனிந்து முகர்ந்து. “ஆளுதான் வேற.”

“டேய், நான்தாண்டா. மாட்டுப் பால் குடிச்சிட்டேன்,” என்று தணிகாசலம் தடித்த உதட்டால் சொன்னான்.

“பாத்தீங்களா மாமா, அவரு வாயாலயே சொல்றாரு. எங்க அண்ணன் மாட்டுப் பாலைத் தொடவே மாட்டாரு.”

ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டார். “மொறையாப் பாப்போம். முந்திரிப் பால் குடிச்சா வீங்காதுன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. தணிகாசலம் முந்திரிப் பால் குடிச்சதை நான் கண்ணால பாத்தேன். இவருக்கு வீங்கியிருக்கு. அப்ப இவரு தணிகாசலம் இல்ல. வாங்கடா, போய்த் தேடுவோம்.”

தணிகாசலம் அதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். எங்கேயும் தப்பு தெரியவில்லை. மாமா ஒன்பதாவது படித்தவர் வேறு. பாவம், முகூர்த்த நாளும் அதுவுமாக எங்கே போய்த் தொலைந்தானோ என்று அவனுக்கும் கவலை வந்துவிட்டது. எழுந்து மாலையும் கழுத்துமாக அவர்கள் பின்னால் தேடப் போனான். அவன் சுண்டுவிரலைப் பிடித்தபடி பூங்காவனமும் போனாள்.

தோப்பில் ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் பார்த்துக்கொண்டு போகையில் அவள் அவனைக் கேட்டாள்.

“அவரு பாக்க எப்படி இருப்பாரு?”

“சப்பை மூஞ்சி. கண்ணு ரெண்டும் முழிச்சுக்கிட்டு இருக்கும்.”

பூங்காவனம் முகத்தைச் சுளித்தாள்.

“அப்ப மெதுவாவே தேடுங்க,” என்றாள்.