குரங்கு கழுவிய கூழாங்கற்கள்

மூன்று மீன்குஞ்சுகள் செத்துப்போயின. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அப்படியும் செத்துப்போயின.

நடந்ததைச் சொல்கிறேன்.

காட்டுக்குள் ஒரு குளம். சித்திரை வெயிலில் வற்றிக்கொண்டே வந்தது. அதில் ஒரு தாய்க்கெண்டை, பதினொரு குஞ்சுகளோடு இருந்தது. தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு இறங்கியதும் கொக்குகள் வந்து கரையில் நின்றுவிட்டன. அவற்றுக்கு அவசரம் இல்லை. குளம் எப்படியும் வற்றும்.

கரையோரப் புதரில் செம்பி என்றொரு முயல் இருந்தது. புல்லெல்லாம் கருகிப்போய் அதுவும் பட்டினி.

அப்போதுதான் தாண்டவன் வந்து குதித்தது. தாண்டவன் ஒரு குரங்கு.

"கவலையை விடுங்கள்! வழி கண்டுபிடித்துவிட்டேன்!"

"நீயா?" என்றது முயல்.

"நானேதான்! காட்டோரத்து வீட்டுக் கொல்லையில் பார்த்தேன். கீழே ஒரு தொட்டி, அதில் மீன். மேலே ஒரு தட்டு, அதில் கூழாங்கல். கல்லுக்குள் கீரை! ஒரு பிடி மண் கிடையாது! மீன் அழுக்காக்கிய தண்ணீரைக் கீரைக்கு ஊற்றுகிறார்கள். கீரை அழுக்கைத் தின்றுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. கெண்டைக்கு வீடு, செம்பிக்குக் கீரை!"

"நன்றாகப் பார்த்தாயா?" என்று கேட்டது தாய்க்கெண்டை.

"நன்றாகப் பார்த்தேன்!"

நன்றாக என்றால், மதில்மேல் உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழம் தின்கிற நேரம். அவ்வளவுதான்.

நாவல் மரத்தடியில் ஓர் ஆழமான பாறைக்குழி இருந்தது. நிழலில் கிடந்ததால் போன மழைத்தண்ணீர் அதில் இன்னும் வற்றவில்லை. குழிக்கு மேலே பிளந்த மூங்கிலைச் சாய்த்து வைத்தார்கள். வறண்ட ஓடையிலிருந்து கூழாங்கல் பொறுக்கி மூங்கிலை நிரப்பினார்கள். பொன்னாங்கண்ணிக் கொடியை ஒடித்துக் கல்லுக்கிடையில் ஊன்றினார்கள். குரங்கு சுரைக்குடுக்கையால் குழித்தண்ணீரை மொண்டு மூங்கிலில் ஊற்றியது. தண்ணீர் கல் வழியாக ஓடித் திரும்பக் குழியில் விழுந்தது.

அந்த வழியாக ஒரு காட்டுப்பன்றி வந்தது. உடம்பெல்லாம் சேறு.

"நானும் கல் சுமக்கட்டுமா?"

"ஐயய்யே, கிட்டே வராதே!" என்று கத்தியது குரங்கு. "இது சுத்தமான இடம். நீ ஒரு உதறு உதறினால் போதும், எல்லாம் நாசம்! போ, போ!"

பன்றி போய்விட்டது. அதன் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

குடுக்கையில் மீன்களை ஏற்றிக் குழியில் விட்டார்கள். முதல் மூன்று நாள் எல்லாரும் நலம். முயல் கறையான் பொறுக்கி வந்து மீன்களுக்குப் போட்டது. குஞ்சுகள் துள்ளின.

நாலாம் நாள் குரங்கு ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தது. இலேசாக வழவழவென்றிருந்தது.

"சீ! அழுக்கு!"

குரங்குக்குக் கை சும்மா இருக்காது. குட்டியைக் கண்டால் பேன் பார்க்கும். குட்டி இல்லாவிட்டால் கல். ஒவ்வொரு கல்லாக எடுத்தது. தேய்த்தது. கழுவியது. முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்தது. மறுநாளும் அதே வேலை. அதற்கடுத்த நாளும் அதே. கற்கள் மின்னின. குரங்குக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாம் நாள் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்து கிடந்தது. கீரை இலை மஞ்சளாகிவிட்டது.

"சுத்தம் போதவில்லை!" என்றது குரங்கு. அன்றிலிருந்து இரண்டு வேளை கழுவியது.

பத்தாம் நாள்தான் அந்த மூன்றும் செத்தன.

"தாண்டவா, எங்களைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடு" என்றது தாய்க்கெண்டை.

"அங்கே கொக்கு நிற்கிறதே!"

"கொக்கு ஒரே கொத்தில் முடித்துவிடும். இங்கே பிள்ளைகள் மூச்சுமுட்டி மூச்சுமுட்டிச் சாகிறார்கள்."

குரங்கு குடுக்கையை எடுக்கவில்லை.

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னப்பா இது? நாற்றம் மூக்கில் ஏறுகிறதே!"

பழைய பன்றிதான்.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்று சீறியது குரங்கு. "தண்ணீரைப் பார்! அடியில் கிடக்கிற சருகு தெரிகிறது!"

"பார்க்கிறதை விடு. மோந்து பார்."

"உன்மேல் வருகிற வாடையைவிடவா?"

"தாண்டவா, வாயை மூடு!" என்றது முயல். "மூன்று செத்தாயிற்று. அது பேசட்டும்."

பன்றி மூங்கிலுக்கு வந்து ஒரு கல்லை மூக்கால் புரட்டியது.

"மொட்டையாக இருக்கிறதே. இதன்மேல் இருந்த வழவழப்பு எங்கே?"

"கழுவிவிட்டேன். தினமும்!"

"கெடுத்தாய் போ! அதுதான் இங்கே வேலைக்காரன். மீன் கழிவு மீனுக்கே நஞ்சு. கீரைக்கும் அது அப்படியே ஆகாது. அந்த வழவழப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவைதான் நஞ்சைத் தின்று கீரைக்குச் சோறாக மாற்றிக் கொடுக்கின்றன. நீ தினமும் அவற்றை வழித்துக் கொட்டியிருக்கிறாய்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குளத்தடியில் படுத்துக் கிடக்கிறவன் நான். எந்தக் கல் பக்கத்தில் தண்ணீர் நாறும், எந்தக் கல் பக்கத்தில் நாறாது என்று எனக்குத் தெரியாதா? மூக்கு எதற்கு இருக்கிறது?"

"அந்த வீட்டுக்காரன் கல்லைக் கழுவினானே! என் கண்ணால் பார்த்தேன்!"

"அந்தக் கல்லில் கீரை இருந்ததா?"

குரங்கு யோசித்தது. தலையைச் சொறிந்தது. "இல்லை. பக்கத்தில் புதிதாக ஒரு காலித்தட்டு இருந்தது. அதற்கு..."

"புதுக்கல்லை ஒருமுறை கழுவியிருக்கிறான். நீ அதைத் தினசரி வேலையாக்கிவிட்டாய்."

பன்றி குளத்துக்குள் இறங்கியது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. அடியில் கிடந்த வழவழப்பான கற்களை வாயில் கவ்வி, ஈரம் காயுமுன் ஓட்டமாக வந்து மூங்கிலில் கொட்டியது. திரும்ப ஓடியது. நாற்பது நடையாவது இருக்கும். குரங்கு குழித்தண்ணீரில் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டுக் குளத்துத் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றியது. கலங்கல் தண்ணீர்தான். ஊற்றும்போது முகம் சுளித்தது. ஆனால் ஊற்றியது.

"செம்பி, ஐந்து நாளைக்குக் கறையான் போடாதே" என்றது பன்றி. "தின்றால்தானே கழிவு?"

மறுநாள் விடிந்ததும் குரங்கு மூங்கில் பக்கம் போனது. கை மெல்ல நீண்டது.

"டேய், கை!" என்றது பன்றி.

"ஒரே ஒரு கல்! ஓரத்துக் கல்தான்!"

"கை அரிக்கிறதா?" பன்றி அங்கேயே பொத்தென்று படுத்தது. "இந்தா என் முதுகு. உண்ணி பார்."

குரங்கு அந்த முதுகைப் பார்த்தது. சேறு, முள், உண்ணி. கல்லையும் பார்த்தது. பெருமூச்சு விட்டு உட்கார்ந்து உண்ணி பொறுக்க ஆரம்பித்தது. தினமும் காலையில் இது நடந்தது. கற்களை யாரும் தொடவில்லை.

கல் மாற்றிய ஏழாம் நாள் குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளப்பதை நிறுத்தின. இருபதாம் நாள் பொன்னாங்கண்ணி பச்சையாகத் துளிர்த்தது. முயல் நுனியை மட்டும் கடித்தது. கெட்டிக்காரி.

ஆனி பிறந்து மழை பெய்தது. குளம் நிறைந்தது. எட்டுக் குஞ்சுகளையும் தாயையும் கொண்டுபோய் விட்டார்கள். தாய்க்கெண்டை கரையோரம் திரும்பி வந்தது.

"அண்ணே, இத்தனை நாளாக உங்களைப் பன்றி என்றே கூப்பிட்டோம். உங்கள் பெயர் என்ன?"

பன்றி வாலை ஆட்டிக்கொண்டு சொன்னது. அதுவரை யாரும் கேட்டதில்லை அல்லவா!

எதையும் அழுக்கென்று கழுவித் தள்ளுமுன் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள், அதைச் சொல்லத் தெரிந்தவன் சேறும் சகதியுமாக வந்து நின்றாலும் விரட்டாதே; அன்று விரட்டப்பட்டு, திரும்பி வந்து, ஒன்பது உயிரைக் காத்தவன் பெயர் கொம்பையா.