சுவரில் ஏறிய இலவம்

கல்லும் மரமும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கம்போஜ நாட்டில் காட்டை ஒட்டி ஒரு பெரிய கற்கோயில் இருந்தது. கப்பலேறியும் கால்நடையாகவும் எத்தனையோ தேசத்து ஆட்கள் அதைப் பார்க்க வந்தார்கள். வருகிறவர்களுக்குச் சோறு போடக் கோயில் வாசலிலேயே ஒரு சத்திரம். அங்கே சமைத்துப் பரிமாறியவள் நியாரி. அவளுக்குக் கை தாராளம், குரல் அதைவிடத் தாராளம். அவள் சாப்பிடக் கூப்பிட்டால் குளத்துக்கு அக்கரையில் குளிக்கிறவன்கூடத் தலையைத் துவட்டாமல் ஓடி வருவான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷம் கொட்டிய மழையில் ஏரிக்கரை உடைந்து வாய்க்காலெல்லாம் மண் மூடிப்போனது. ராஜா தலைநகரைத் தெற்கே, பெரிய ஆற்றங்கரைக்கு மாற்றிவிட்டார். ராஜா போனதும் படை போனது. படைக்குப் பின்னால் வியாபாரிகள், அவர்களுக்குப் பின்னால் மற்ற ஜனங்கள். கடைசியில் நியாரியின் தம்பி சோவன் மாட்டு வண்டியோடு சத்திரத்து வாசலில் வந்து நின்றான்.

"ஏறு அக்கா."

"நான் வரவில்லை. நீ போ."

"இங்கே யார் இருக்கிறார்கள்? யாருக்குச் சமைக்கப் போகிறாய்?"

"இங்கே இருக்கிறவர்களுக்கு இல்லைடா. கிளம்பிவிட்டவர்களுக்கு. எங்கேயோ ஓர் ஊரில் மூட்டை கட்டிக்கொண்டு போன வருஷமே புறப்பட்டிருப்பார்கள். இப்போது பாதி வழியில் இருப்பார்கள். ஊர் காலியானது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அத்தனை தூரம் வந்து நிற்கும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்றால்?"

சோவன் கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், இரண்டும் பலிக்கவில்லை. வண்டியிலிருந்த நெல் மூட்டைகளை இறக்கிச் சத்திரத்துக்குள் அடுக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டை ஓட்டினான்.

மறுபடியும் மழை ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் நியாரி அரிசி களைந்துகொண்டிருந்தபோது கிழக்கு வாசல் மேலிருந்து தொப்பென்று ஒரு கல் விழுந்தது.

"என்ன ஆயிற்று உனக்கு?" என்று ஓடினாள்.

"ஒன்றும் ஆகவில்லை. இறங்கிவிட்டேன். என் மலைக்கே திரும்பப் போகிறேன்" என்றது கல்.

"மலை எவ்வளவு தூரம்! எப்படிப் போவாய்?"

"கல்லுக்கு என்ன அவசரம்? எப்படியாவது போய்ச் சேருவேன்."

அவ்வளவுதான், சுவரிலிருந்த கற்களெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டன. "எங்களை வெட்டி, யானை கட்டி இழுத்து வந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றோம். பார்க்கிறவர்கள் அதிசயப்பட்டார்கள், அந்தச் சந்தோஷத்தில் பாரம் தெரியவில்லை. இனிமேல் யாருக்காக நிற்பது?"

"நான் தினம் அதிசயப்படுகிறேனே!" என்றாள் நியாரி.

"நீ எங்கள் வீட்டு ஆள். அது கணக்கில் சேராது" என்றன கற்கள். பிறகு வாசலுக்கு மேலே படுத்திருந்த நீளமான உத்தரக் கல் தாழ்ந்த குரலில் சொன்னது: "அம்மா, உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிற்க வேண்டும் என்று நினைத்தாலும் எங்களால் முடியாது. இடுக்கெல்லாம் தண்ணீர் இறங்கிவிட்டது. பிடிமானம் போய்விட்டது."

பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும். நியாரி மரங்களிடம் போனாள். தேக்கு, "நேராக வளர்ந்த உடம்பு இது, வளையாது" என்றது. பனை, "எனக்குக் கை ஏது?" என்றது. குளத்தங்கரையில் ஓர் இலவ மரம் நின்றது. அதனிடம் போனபோது அது அழுதுகொண்டிருந்தது.

"கோடையில் காய் வெடித்துப் பஞ்சோடு பஞ்சாக என் பிள்ளைகள் ஊரெல்லாம் பறந்து போகிறார்கள். முளைத்ததும் வெள்ளம் வந்து வேரை அழுக வைத்துவிடுகிறது. கரை உடைந்ததிலிருந்து ஒன்றுகூடத் தங்கவில்லை. என் துக்கமே தாங்க முடியவில்லை, நீ சுவரைத் தூக்கிக்கொண்டு வருகிறாய்!"

நியாரி அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கிளையில் வெடிக்காத காய் ஒன்று மிச்சம் இருந்தது. திரும்பிக் கோயிலைப் பார்த்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெள்ளம் ஏறாத இடம் அது ஒன்றுதான்.

"அந்தக் காயை என்னிடம் கொடு. உன் பிள்ளைகளைக் கோயில் உச்சியில் கொண்டுபோய் வைக்கிறேன். தண்ணீர் தொடாது. ஆனால் அங்கே மண் கிடையாது. வேர் மண்ணைத் தேடிச் சுவர் வழியாகத்தான் இறங்க வேண்டும். இறங்குகிற வழியில் கற்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்."

"கல்லின்மேல் மரம் முளைத்து யார் பார்த்திருக்கிறார்கள்?"

"யாரும் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கட்டுமே."

இலவம் கிளையைத் தாழ்த்தி, இருந்த ஒரே காயை அவள் மடியில் போட்டது.

மழை வலுத்துக்கொண்டே இருந்தது. காயை முந்தானையில் முடிந்துகொண்டு, அடுப்புச் சாம்பலும் சேறும் குழைத்த சட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நியாரி சுவரில் ஏறினாள். பாசி வழுக்கியது. பாதிக்கு மேல் போனபோது கால் வைத்திருந்த கல் நழுவியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அடே, மலைக்குப் போகிறவர்களே!" என்று கத்தினாள். "உங்கள் காலடியில் எத்தனை வருஷம் அடுப்பு மூட்டியிருக்கிறேன்! நான் இறங்கும்வரை அசையாதீர்கள்!"

கற்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. நழுவிய கல்கூட அப்படியே நின்று, அவள் காலைத் தாங்கிக்கொண்டது. உச்சிக்குப் போய், இடுக்கு இடுக்காக விதையை வைத்துச் சாம்பல் சேற்றால் மூடிவிட்டு அவள் இறங்கினாள்.

மனசு வைத்தால் மரங்கள் அப்போது ஒரே மழைக்காலத்தில் வளர்ந்துவிடும். நூல்போல் இறங்கிய வேர்கள் கயிறாயின, கயிறு மலைப்பாம்பாயிற்று. கற்களைச் சுற்றிக்கொண்டு தரையைத் தொட்டன. ஒரு நாள் படீரென்று சத்தம். வாசல் உத்தரக் கல் விண்டு போயிருந்தது.

நியாரி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "உன்னைப் பிடிக்கச் சொன்னேனா, உடைக்கச் சொன்னேனா?"

"இறுக்காமல் எப்படிப் பிடிப்பது?" என்று சுவர்மேலிருந்து மரம் பரிதாபமாகக் கேட்டது. "எனக்கும் இந்தச் சுவர்தானே தரை. விட்டால் நானும் அல்லவா விழுவேன்?"

விண்டு போன கல் மெல்லப் பேசியது. "விட வேண்டாம் என்று சொல், அம்மா. வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் என் இடத்தில்தான் இருக்கிறேன்."

நியாரி கரண்டியைத் தாழ்த்தினாள். விரிசலை ஈரக் கையால் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

மழை ஓய்ந்தது. ஒருவரும் வரவில்லை. நெல் குறைந்துகொண்டே வந்தது. தம்பி சொன்னதுதான் சரியோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. ஆனாலும் தினம் ஒரு பானைச் சோறு வடித்துவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், புதர் விலகி மூன்று பேர் வெளியே வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய சாத்தன், அவன் மனைவி நங்கை, அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"கிளம்பும்போது நாங்கள் இரண்டு பேர்தான்" என்றாள் நங்கை, வழியில் கற்றுக்கொண்ட அந்த ஊர்ப் பேச்சில். "நடுக்கடலில் இவள் பிறந்தாள்."

"பாதையெல்லாம் மூடிக்கிடக்கிறது. திரும்பிவிடலாம் என்றே முடிவு பண்ணிவிட்டோம்" என்றான் சாத்தன். "அப்போது காட்டுக்கு மேலே, ஆகாயத்தில் தனியாகச் சில மரங்கள் நிற்பது தெரிந்தது. மரத்துக்கு மேல் மரம் நிற்குமா என்று பார்க்கத்தான் வந்தோம்."

நியாரி துள்ளி எழுந்தாள். "இவ்வளவு தாமதமாகவா வருவது? சோறு ஆறிப்போகிறது. போய்க் கை கால் கழுவுங்கள்!" என்று சத்தம் போட்டாள். கண் நிறைந்திருந்தது.

நங்கை கை கழுவப் போனவள், கிழக்கு வாசலைப் பார்த்ததும் அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள். குழந்தை எட்டி ஒரு வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தது, அது அசையவே இல்லை. சுவரிலிருந்த கற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. அன்றைக்கு அப்புறம் அவை மலையைப் பற்றிப் பேசவில்லை. வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் ஆசையில் மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிட்டன. சாத்தனும் நங்கையும் திரும்பும் வழியில் துறைமுகத்துக்குத் துறைமுகம் கண்டதைச் சொன்னார்கள். கேட்டவர்கள் கிளம்பி வந்தார்கள்.

அந்தக் கோயிலில் இலவ மரம் மண்ணை விட்டுச் சுவர்மேல் ஏறி நிற்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான். வேரை வெட்டினால் சுவர் நிற்காது, சுவர் சரிந்தால் மரம் நிற்காது என்பதால், உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் இரண்டையும் சேர்த்தேதான் இன்றைக்கும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.